ஒரு கடிதத்துக்கு ஒரு நூற்றாண்டு

பள்ளி விடுதி, கிருஷ்ணகிரி
23 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு, அருணா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜெர்மனியில் இப்போது வெயில் காலம் என்று புவியியல் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் இரவில் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வார்டனின் போனில் நாம் பேசியதை யோசித்துப் பார்த்தேன். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆச்சு." "மழை உண்டா?" "இல்லப்பா." அதற்குள் பின்னால் நின்ற சௌமியா என் முதுகைக் கிள்ள ஆரம்பித்துவிட்டாள். வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் யாரும் கிள்ள மாட்டார்கள்.

ஒரு உதவி வேண்டும். வரலாறு எடுக்கும் குருமூர்த்தி சார், ஆளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் தங்கள் ஊர்ப் பள்ளியை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அறையில் படுத்திருந்தால் ஒரு பழைய பள்ளியின் மணி கேட்கும் என்று ஒரு தடவை சொன்னீர்கள். நான் அதை எடுத்துக்கொண்டேன். சார் சிரித்தார், ஆனால் சரி என்றார். விசாரித்து எழுதுவீர்களா?

மூக்கண்டப்பள்ளி வீட்டுச் சாவி பேரிகையில் அத்தையிடம் பத்திரமாக இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீங்கள் பூட்டியது. நீங்கள் வந்துதான் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதை அத்தை சட்டமாக வைத்திருக்கிறார். அம்மாவைப் பற்றிக் கடிதத்தில் எழுதாதே, அப்பா அங்கே தனியாக இருக்கிறார் என்றும் சொன்னார். அதனால் எழுதவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
அருணா


வீசன்ஹால், ஜெர்மனி
14 ஜூலை 2024

அன்புள்ள அருணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் இந்த ஊர் மேட்டில் ஏறும்போது மட்டும் பேசுகிறது.

எனக்கு விசாரிக்க ஒரு ஆள்தான் உண்டு, வெர்னர். இங்கே ஃபோர்மேன். அந்தப் பள்ளியில் படித்தவர். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவு மோசம் என்பதால் நன்றாகப் புரிகிறது. பள்ளியை அவர்கள் கிம்னாசியும் என்கிறார்கள். நான் முதலில் உடற்பயிற்சிக்கூடம் என்று நினைத்து, ஜன்னல் வழியாக இரும்புக் குண்டுகளைத் தேடினேன்.

1556-இல் தொடங்கியது. அதற்கு முன் அது சாமியார்களின் மடம். இந்த நாட்டில் மதம் இரண்டாகப் பிரிந்தபோது, ஊரை ஆண்ட பிரபு மடத்தை மூடிவிட்டு அதே கட்டடத்தில் பள்ளி வைத்தார். படிக்கத் தெரிந்த போதகர்களும் கணக்கு எழுத ஆட்களும் அவருக்குத் தேவைப்பட்டார்கள். ஏழைப் பையன்களையும் சேர்த்தார்கள், பாடத் தெரிந்தால். சாமியார்கள் பேசாமல் சாப்பிட்ட கூடத்தில் இப்போது பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். அப்போதும் யாரும் பேசுவதில்லை என்றார் வெர்னர்.

இங்கே என் வேலை உனக்குத் தெரியும். இந்தத் தொழிற்சாலையை மூடுகிறார்கள். இயந்திரங்கள் ஓசூருக்கு வருகின்றன. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எண் எழுதி, பெட்டியில் வைக்கிறோம். வெர்னர் இந்த இயந்திரங்களோடு முப்பது வருஷம் இருந்தவர். நான் கழற்றுகிறேன். அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார்.

உனக்கு ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு நூற்றாண்டு. மொத்தம் ஐந்து. ஐந்தாவது கடிதம் இந்தக் காலத்துக்கு வந்து சேரும்போது நானும் வந்து சேர்ந்துவிடுவேன். பொங்கலுக்குள் முடியும்.

நன்றாகப் படி. எண்ணெய் தேய்த்துக் குளி.

அப்பா


பள்ளி விடுதி, கிருஷ்ணகிரி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மேட்டில் ஏறும்போது மெதுவாக ஏறுங்கள்.

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். இரும்புக் குண்டு வந்த இடத்தில் குருமூர்த்தி சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். சௌமியா மட்டும், "ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஹாஸ்டல் சாப்பாட்டைப் பேசாம சாப்பிடணும்னு கண்டுபிடிச்சிருக்காங்க பாரு" என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், கோபம் வந்தால் கன்னடம், கிண்டலுக்குத் தமிழ்.

பெண்பிள்ளைகளும் படித்தார்களா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. மறந்துவிட்டேன்.

ஐந்து கடிதம் என்ற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நோட்டின் பின்பக்கத்தில் ஐந்து கட்டம் வரைந்து ஒன்றில் வண்ணம் அடித்துவிட்டேன்.

இன்னொன்று. காலாண்டு விடுமுறையில் நம் வீட்டில் தங்கலாமா? அத்தையும் கூட வருவார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாவியைக் கொடுப்பார். பேரிகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே என் புத்தகம் ஒன்றுகூட இல்லை. நான் எங்கே உட்கார்ந்தாலும் விருந்தாளி மாதிரி நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

குளிர் தொடங்கும் முன் நல்ல காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
அருணா


வீசன்ஹால்
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அருணாவுக்கு,

நான் சுகம். காலுறை வாங்கிவிட்டேன், இரண்டு ஜோடி.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். வெர்னர் தலையைச் சொறிந்தார். ஏறக்குறைய நானூறு வருஷம் கிடையாது. இப்போது பாதிக்கு மேல் பெண்கள்தான்.

முதல் நூற்றாண்டை முடித்துவிடுகிறேன். அப்போது பள்ளிக்குள் தாய்மொழி பேசக்கூடாது. விளையாடும்போதுகூட லத்தீன்தான். தவறிப் பேசினால், மரத்தில் செய்த கழுதையைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டுவார்கள். வேறொருவன் தவறிப் பேசும்வரை அதைச் சுமக்க வேண்டும். அதனால் கழுதை மாட்டியவன் மற்றவர்களைக் கிள்ளுவானாம். வலிக்கும்போது யாருக்கும் லத்தீன் வராது.

ஏழைப் பையன்கள் குளிர்காலத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் வாசலில் பாடுவார்கள். ரொட்டி, ஆப்பிள், சில சமயம் மெழுகுவர்த்தி கிடைக்கும். மெழுகுவர்த்தி கிடைத்த அன்று இரவில் படிக்கலாம். ஒருவன் தனக்குக் கிடைத்ததைத் தின்றுவிட்டானாம். அது ஆட்டுக் கொழுப்பில் செய்தது.

நேற்று கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தார்கள். பெரிய வாசலில் கூட்டம். வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள்.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


பேரிகை
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாம்பழம் இல்லாத மாதம் என்பதால்.

கழுதையை நான் விடுதியில் சொல்லியிருக்கக் கூடாது. எங்களுக்கும் புதன், வெள்ளி இரண்டு நாள் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். சௌமியா அட்டையில் ஒரு கழுதை செய்துவிட்டாள். முதல் நாளே அவள் கழுத்தில்தான் விழுந்தது. வார்டன் பார்த்துவிட்டு, "ஏய், இன்னாடி இது கழுத்துல?" என்று கேட்க, அவள் கழுதையைக் கழற்றி மரியாதையாக வார்டனிடம் நீட்டினாள். இரண்டு நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

நான் விடுமுறைக்கு வீட்டில் தங்கலாமா என்று கேட்டிருந்தேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதற்குப் பதில் இல்லை. ஒருவேளை என் எழுத்து அந்த இடத்தில் தெளிவாக இல்லையோ என்னவோ.

வியாழக்கிழமை அத்தை மாத்திரை வாங்க ஓசூர் போனபோது நானும் போனேன். திரும்பும்போது மூக்கண்டப்பள்ளியில் இறங்க வைத்துவிட்டேன். கேட் வரை போனோம். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் நம் சுற்றுச்சுவரில் துணி காயப்போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவசரமாக எடுத்தார். "இருக்கட்டும்மா, ஆள் இருக்கற வீடு மாதிரி தெரியும்" என்றார் அத்தை. "எப்ப தொறப்பீங்க? ஷிஃப்டுக்குப் போற பசங்க வாடகைக்குக் கேட்டுகினே இருக்கறாங்க" என்று லட்சுமியம்மாள் கேட்டார்.

ஜன்னல் கதவில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன் வழியாக உள்ளே பார்த்தேன். என்ன தெரிந்தது என்று எழுதவில்லை.

இரண்டாவது நூற்றாண்டுக்குக் காத்திருக்கிறேன். தீபாவளி இந்த வருஷம் நமக்கு இல்லை என்றாலும் அன்று தலைக்குக் குளியுங்கள்.

உங்கள்
அருணா


வீசன்ஹால்
17 நவம்பர் 2024

அன்புள்ள அருணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

1600-களின் தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. புதிதாக ஒரு நூலகம் கட்டினார்கள். திருட்டுப் போகாதபடி புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள். உனக்குப் பிடித்திருக்காது. படுத்துக்கொண்டு படிக்க முடியாது.

பிறகு போர் வந்தது. முப்பது வருஷம் நடந்த போர். ஒரு படை போனால் இன்னொன்று வந்தது. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். பள்ளியின் மாடுகள் போயின, பிறகு மேசைகள் விறகாகப் போயின. அப்படியும் பள்ளி நடந்தது. தரையில் உட்கார்ந்து படித்தார்கள்.

1635-இல் காய்ச்சல் வந்தது. கொள்ளைநோய். கோடையில் தொடங்கி இலை உதிரும் காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் இல்லை. ஆசிரியர்களில் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் கடைசிப் பையனைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, பெரிய கதவைப் பூட்டி, சாவியை ஊர் மன்றத்தில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே வேலை நீள்கிறது. பெரிய பிரஸ் இயந்திரம் ஒன்றைக் கழற்ற வேண்டும், அதற்கு உரிய கிரேன் மார்ச்சில்தான் வருமாம். பொங்கலுக்கு வர முடியாது. அத்தையிடம் நீயே சொல்லிவிடு.

இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பள்ளி விடுதி, கிருஷ்ணகிரி
8 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். புயல் மழையில் ஊத்தங்கரைப் பக்கம் ரொம்பத் தண்ணீர். எங்கள் விடுதியில் கீழ்த்தளம் மட்டும் நனைந்தது. பயப்பட வேண்டாம்.

பொங்கலுக்கு வரவில்லை என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை, "கிரேனா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ரொம்ப நேரம் கீரை ஆய்ந்தார்.

வருஷத் திதியைப் பேரிகையில்தான் செய்தோம். வீட்டு ஆண்பிள்ளை யார் என்று ஐயர் கேட்டார். அத்தை வீட்டு மாமா செய்தார். போட்டோவுக்கு மாலை நான் போட்டேன். உங்கள் கடிதம் அதே வாரம் எழுதியது. தேதியைப் பார்த்தேன்.

அப்பா, ஒன்று கேட்கலாமா? ஒரு கடிதத்துக்கு ஒரு நூற்றாண்டு என்றீர்கள். இரண்டாவது கடிதத்தில் மறுபடி முதல் நூற்றாண்டு. மூன்றாவதில் முப்பத்தைந்து வருஷம். இரண்டாவது கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வண்ணம் அடிக்க முடிந்தது. இந்த வேகத்தில் நான் காலேஜ் முடித்தால்கூட நீங்கள் இந்தக் காலத்துக்கு வந்து சேர மாட்டீர்கள்.

பள்ளியை அப்புறம் யார் திறந்தார்கள்? குருமூர்த்தி சாரும் கேட்டார். எனக்கு ரொம்பத் தெரிய வேண்டும்.

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

உங்கள்
அருணா


வீசன்ஹால்
12 ஜனவரி 2025

அன்புள்ள அருணாவுக்கு,

பொங்கல் வாழ்த்து. நான் சுகம். பனி முழங்கால் வரை கிடக்கிறது, அதனால் முழங்காலைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

பள்ளி இன்னும் மூடித்தான் இருக்கிறது. ஒரு வருஷம் மூடியிருந்தது என்பதைத் தவிர வெர்னருக்கு ஒன்றும் தெரியவில்லை. நானாக யோசித்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவரைச் சுற்றி நடக்கும்போது தோன்றுவதுதான்.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்திருக்கும். ஆணியில் யாருடைய அங்கியோ. சாப்பாட்டுத் தூக்கு, கழுவிக் கவிழ்த்தபடி. பையன்களுக்கு உடுப்புத் தைக்கும் அறையில் ஒரு சட்டை பாதி தைத்தபடி, ஊசி குத்தியபடி நின்றிருக்கும். போட வேண்டிய பிள்ளை வேறு ஊரில் வளர்ந்துகொண்டிருக்கும்.

யாராவது திறந்திருக்கலாம். காய்ச்சல் போய்ப் பல மாதமாகிவிட்டது. சாவியும் இருந்தது. நோய்க்குப் பயந்து திறக்காமல் இருந்தார்கள் என்று தோன்றவில்லை. மூடியிருக்கும்வரை உள்ளே இன்னும் அவர்கள் இருப்பது போல இருக்கும். திறந்தால் இல்லை.

இதைக் குருமூர்த்தி சாருக்கு வாசித்துக் காட்டாதே. இது வரலாறு இல்லை.

அப்பா


பள்ளி விடுதி, கிருஷ்ணகிரி
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். வாசித்துக் காட்டவில்லை.

அந்தச் சட்டை என்ன நிறம்?

நான் ஜன்னல் விரிசலில் பார்த்தது நீலம். போன வருஷத்துக்கு முந்தைய தீபாவளிக்கு நான் கேட்ட மயில்நீலம். தையல் மெஷினில் ஊசி இறங்கியபடியே இருக்கிறது. ஆணியில் அம்மாவின் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது.

அம்மாவைப் பற்றி எழுதிவிட்டேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

எனக்கும்தான் அப்பா, திறந்தால் இல்லை. ஆனால் மூடியிருந்தால் எனக்கு நீங்களும் இல்லை.

பரீட்சை மார்ச் முழுக்க. அதற்குள் யார் திறந்தார்கள் என்று எழுதுங்கள்.

உங்கள்
அருணா


வீசன்ஹால்
23 மார்ச் 2025

அன்புள்ள அருணாவுக்கு,

உன் கடிதம் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தேன்.

யார் திறந்தது என்று எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். வெர்னருக்கு நடுவில் நடந்ததுதான் தெரியாது, திறந்த கதையை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான்தான் எழுதவில்லை.

1636, இலை உதிரும் காலம். ஒரு விதவை தன் மகனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வந்து நின்றாள். பத்து வயது. ஊர்ப் பெரியவர்கள் சாவியோடு கதவு வரை வந்தார்கள். ஆளுக்கு ஆள் அதைக் கைமாற்றிக்கொண்டார்களே தவிர, ஒருவரும் பூட்டில் நுழைக்கவில்லை. எல்லோருக்கும் உள்ளே யாரோ ஒருவர் இருந்தார். அந்தப் பையன் கையை நீட்டிச் சாவியை வாங்கினான். அவன் வந்தது படிக்க. வேறு எந்த எண்ணமும் அவனுக்கு இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான் பெரிய கதவைத் திறக்க வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போன செப்டம்பரில் நான் பார்த்தது அதைத்தான். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். சாவி பெரிது, இரண்டு கையால் பிடித்துத் திருப்பினாள். ஐந்தாம் வகுப்பில் நீ பென்சில் பாக்ஸைத் திறக்கும்போது உதட்டைக் கடிப்பாயே, அப்படிக் கடித்துக்கொண்டு. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, வேலைக்குப் போய்விட்டேன்.

கிரேன் வந்துவிட்டது.

பரீட்சையை நன்றாக எழுது.

அப்பா


மூக்கண்டப்பள்ளி, நம் வீடு
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அத்தை நலம், சமையலறையில் இருக்கிறார். மேலே எழுதியிருக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

பரீட்சை முடிந்து பேரிகைக்குப் போனதும் சாவியைக் கேட்டேன்.

"அப்பாகிட்ட கேட்டியா?"

"அப்பாதான் எழுதியிருக்காரு."

"தொறன்னு எழுதியிருக்காரா?"

"அங்க பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளதான் தொறக்கணுமாம். பெரியவங்களால முடியாதாம்."

"அது வெள்ளக்காரன் ஊரு வழக்கம்டி."

"நம்ம வீட்டுல சின்னவ யாரு அத்த?"

அத்தை எழுந்து சாவியை எடுத்தார். பிறகு, "கொஞ்சம் இரு, பொடவ மாத்திகினு வரேன்" என்றார்.

பூட்டு திரும்பவே இல்லை. லட்சுமியம்மாள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். கற்பூரம் ஏற்றாமல் திறக்கக் கூடாது என்று அவரே ஓடிப்போய்க் கற்பூரமும் கொண்டுவந்தார். "நீங்க ரெண்டு பேரும் வெளியவே நிக்கணும்" என்றேன். "யாருடி போட்ட சட்டம்?" என்றார் லட்சுமியம்மாள். "ஜெர்மனியில போட்டது, பேசாம நில்லுங்க" என்றார் அத்தை. எண்ணெய்க் கையில் சாவி வழுக்கியது. இரண்டு கையால்தான் நானும் திருப்பினேன்.

நீங்கள் எழுதியது சரிதான் அப்பா. திறந்ததும் இல்லை என்று தெரிந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து நிறைய நேரம் அழுதேன். அத்தை வாசலிலேயே நின்று அழுதார், சட்டத்தை மீறவில்லை. பிறகு எனக்குத் தும்மல் வந்தது. அவ்வளவு தூசி. தும்மத் தும்ம அத்தை உள்ளே வந்துவிட்டார்.

மூன்று நாள் கழுவினோம். பல்லிகள் குடும்பம் நடத்தியிருந்தன. என் புத்தகங்களில் இரண்டைக் கரையான் அரித்திருக்கிறது, மற்றவை பிழைத்தன. அம்மாவின் அட்டையைத் துடைத்து மறுபடி அதே ஆணியில் மாட்டினேன். போட்டோவில் அம்மா சிரிக்காமல் இருக்கிறார், கம்பெனியில் சிரிக்கக் கூடாது என்று சொன்னார்களாம். இப்போது ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. லட்சுமியம்மாள் துணியை இங்கேதான் காயப்போடுகிறார்.

தையல் மெஷினை மட்டும் தொடவில்லை. சுற்றிலும்தான் துடைத்தேன். ஊசி அப்படியே இருக்கிறது. சட்டையைத் தோளில் வைத்து அளவு பார்க்கக்கூட இல்லை, பார்த்தாலே தெரிகிறது, எனக்குச் சின்னது. அது உங்கள் பங்கு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் தொடக்கத்தில் நான் விடுதிக்குப் போக வேண்டும்.

உங்கள்
அருணா


வீசன்ஹால்
11 மே 2025

அன்புள்ள அருணாவுக்கு,

நீயும் அத்தையும் நலம் என்று தெரிந்தது. நான் நலம்.

உன் கடிதத்தை, இயந்திரங்கள் போன பிறகு காலியாகக் கிடக்கும் பட்டறையில் நின்று படித்தேன். அங்கே இப்போது பேசினால் எதிரொலிக்கிறது. வெர்னர் வந்து என்ன என்று கேட்டார். என் மகள் கதவைத் திறந்துவிட்டாள் என்றேன். எந்தக் கதவு என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

குருமூர்த்தி சாருக்கு மீதியைச் சொல்லிவிடுகிறேன். 1700-களில் பள்ளிக்கு மேற்கூரை புதிதாகப் போட்டார்கள். நூலகச் சங்கிலிகளை அறுத்தார்கள். 1800-களில் பிரெஞ்சுப் படை வந்து, வகுப்பறையில் குதிரைகளுக்கு வைக்கோல் போட்டு வைத்திருந்தது. குதிரைகள் போன பிறகு கிரேக்கம், இயற்பியல், கணப்பு அடுப்பு எல்லாம் வந்தன. 1900-களில் பெண்கள் வந்தார்கள். அதற்கு முன், 1930-களில், ஒன்று நடந்தது. பெரிய கதவின் முன்னால் தரையில் பித்தளைத் தகடு பொருத்திய இரண்டு சிறு கற்களைப் பதித்திருக்கிறார்கள். யூதர்கள் என்பதற்காக, இனி வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பையன்களின் பெயர்கள். பிறகு அவர்கள் எங்குமே திரும்பி வரவில்லை. யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்காமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை திறந்த கதவு அது. அதைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும். நிதானமாக.

ஐந்து நூற்றாண்டும் முடிந்தன. கட்டங்களுக்கு வண்ணம் அடித்துக்கொள்.

பெட்டிகள் கப்பலில் வருகின்றன. நான் அவற்றுக்கு முன்னால் வந்துவிடுவேன், 28-ஆம் தேதி காலை பெங்களூர். ஓசூர் பஸ் எனக்குத் தெரியும், யாரும் அழைக்க வர வேண்டாம். நான் வருகிறேன் என்று அத்தை நம் வீட்டை மறுபடி பூட்டி, சாவியை என் கையில் கொடுக்கப் பார்ப்பார். வேண்டாம் என்று சொல். திறந்தே இருக்கட்டும்.

ஒன்றரை வருஷமாக இறங்கியிருக்கும் ஊசி துருவேறிப் பிடித்திருக்கும். இழுத்தால் துணி கிழியும். நீ தொடாமல் விட்டது நல்லது. நான் வந்து மெதுவாகத் தூக்குகிறேன். மெஷின் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வை.

அப்பா